கடைசிப் பெஞ்சும் கரி பஸ்ஸும்

“கடைசிப் பெஞ்சு, எறங்கு!”

சீனிக் கண்டக்டரின் குரல் அது. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தை உள்ளங்கையால் தட்டிக்கொண்டேதான் சொல்வார். இத்தனை வருஷம் ஆகியும் அந்தத் தட்டலும் குரலும் சேர்ந்தேதான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

சின்னமனூரிலிருந்து தேனிக்கு வரும் வழியில், வீரபாண்டிக்கு முன்னால் ஓர் ஓடைப் பள்ளம் இருந்தது. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதலில் இறக்கம், பிறகு ஏற்றம். அன்றைக்கு எங்கள் பஸ் இறக்கத்தில் ஜோராக இறங்கி, ஏற்றத்தில் பாதி ஏறி, இருமிக் குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் மாட்டியிருந்த கரித் தொட்டியின் புகை நேராக எங்கள் முகத்துக்கு வந்தது.

கடைசிப் பெஞ்சில் நாங்கள் நாலு பேர். கம்பத்திலிருந்து வேலைக்குப் போகும் இரண்டு ஆட்கள், என்னைப் பெற்ற ஆத்தா, நான். ஆட்கள் இருவரும் மறுபேச்சுப் பேசாமல் இறங்கினார்கள். நானும் எழுந்தேன். ஆத்தா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

“நீ ஒக்காரு” என்றாள்.

பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. அந்தச் சத்தம் பஸ் முழுக்கக் கேட்டதாகப் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்காது. ஆனால் ஆத்தா சொன்னது கேட்டுவிட்டது. முன் பெஞ்சுகளில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

கரியில் ஓடிய வண்டி

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கரி பஸ் என்றால் விளங்காது. இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். பெட்ரோலெல்லாம் சண்டைக்குப் போய்விட்டது. அதனால் பஸ்ஸின் பின்புறத்தில் ஆள் உயர இரும்புத் தொட்டியை மாட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, கிளம்பும் வாயுவைக் குழாய் வழியாக எஞ்சினுக்குக் கொண்டுபோய் வண்டியை ஓட்டினார்கள்.

அது லேசில் கிளம்பாது. விடியற்காலையிலேயே கிளீனர் வந்து தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். சுற்றச் சுற்றக் காற்று உள்ளே போய்க் கரி கனியவேண்டும். அவர் பனியன் நனைந்து, பக்கத்து டீக்கடையில் முதல் கூட்டம் முடிந்து, இரண்டாம் கூட்டம் வந்த பிறகுதான் எஞ்சினுக்கு உயிர் வரும்.

சமதளத்தில் ஒருவழியாகப் போய்விடும். ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும். நின்றுவிட்டால் உடனே தள்ள வேண்டும். தொட்டி ஆறிவிட்டால் கைப்பிடியை மறுபடி முதலிலிருந்து சுற்றியாக வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தள்ளி நகர்ந்துவிட்ட பிறகு, மேட்டைத் தாண்டி நல்ல வேகம் பிடிக்கிற வரைக்கும் டிரைவர் எக்காரணம் கொண்டும் நிறுத்தமாட்டார். தள்ளியவர்கள் கூடவே ஓடித் தொற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு அந்த பஸ்ஸின் வாசனை மிகவும் பிடிக்கும். கரிப்புகை, சூடான தகரம், கூரையில் ஏற்றியிருக்கும் வெற்றிலைக் கூடைகளிலிருந்து ஜன்னல் ஓரமாகச் சொட்டும் தண்ணீர், முன் பெஞ்சில் யாரோ தலையில் வைத்திருக்கும் பிச்சிப்பூ. எல்லாம் கலந்து வரும். இப்போதும் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போடும் வண்டிக்காரரைத் தாண்டிப் போனால் நான் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். என் மகள் கையைப் பிடித்து இழுப்பாள். “அம்மாவுக்கு பஸ் வந்துருச்சு” என்று கேலி வேறு.

கேலி செய்யட்டும். ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல் ஓட, தூரத்தில் மேற்கு மலை கூடவே வர, அந்த ஆமை வேகத்தில் போன சுகம் அவளுக்கு எங்கே தெரியப் போகிறது?

எங்கள் இடம்

சுகம் என்று எழுதிவிட்டேன். கூடவே இதையும் எழுதவேண்டும்.

நாங்கள் குச்சனூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூரின் கீழத்தெருக்காரர்கள். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கி வைத்த தெரு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்களுக்கு பஸ் நிற்காது. கை காட்டினால், கையைப் பார்த்து, கைக்குரிய ஆளைப் பார்த்து, வேகத்தைக் கூட்டிப் போய்விடும். தூசி மட்டும் எங்களுக்கு இலவசம். என் அய்யா வேலை தேடித் தேனிக்குப் போனதெல்லாம் நடந்துதான்.

பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. யாரையும் ஏற்றமாட்டேன் என்று சொல்லக்கூடாது, சொன்னால் லைசென்சு போய்விடும். பஸ் முதலாளிகள் கலங்கிப்போனார்கள். கொஞ்ச நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏற்றிக்கொள்வது, ஆனால் கடைசிப் பெஞ்சில் மட்டும் உட்கார வைப்பது.

கரித் தொட்டி வந்ததும் அந்த ஏற்பாடு அவர்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. தொட்டியின் அனல் முதுகில் அடிக்கும் இடம் கடைசிப் பெஞ்சு. அங்கே வேறு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள். அதோடு ஒரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. ஏற்றத்தில் வண்டி நின்றால் கடைசிப் பெஞ்சு இறங்கித் தள்ளவேண்டும். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்து, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று உற்சாகப்படுத்துவார்கள்.

டிக்கெட் எல்லாருக்கும் ஒரே விலைதான். அதில் மட்டும் வித்தியாசம் பார்க்கவில்லை.

பெரிய அகராதியில் பார்த்தது

இந்தத் தொடரில் வாரம் ஓர் இங்கிலீஷ் சொல்லைப் பிடித்துக்கொண்டு பழங்கதை பேசுவது என் வழக்கமாகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த நாக்கு, ஓய்வு பெற்றாலும் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. போன வாரம் ‘ஸ்லேட்’. இந்த வாரம் ‘பஸ்’.

எங்கள் தெருவில் அதை ‘பஸ்’ என்று சொன்னவர்கள் குறைவு. ‘காரு’ என்பார்கள். ‘காரு வந்துருச்சா, காரு போயிருச்சா’ என்றால் பஸ்ஸைத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம். நிஜமான காரைப் ‘ப்ளெஷர்’ என்பார்கள். இப்போது ‘பேருந்து’ என்று அழகான சொல் இருக்கிறது. பெரிய வண்டி என்று பொருள். நல்ல சொல்தான், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அல்லிநகரத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தபோது, வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். “டீச்சர், பஸ்ஸுக்கு ஏன் பஸ்ஸுன்னு பேரு?” எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு, சாயங்காலம் நூலகத்தில் இருந்த பெரிய அகராதியைத் தூக்கமுடியாமல் தூக்கிவந்து பிரித்தேன்.

‘பஸ்’ என்பது முழுச் சொல் இல்லையாம். ‘ஆம்னிபஸ்’ என்பதன் வால். அது லத்தீன் சொல். பொருள், ‘எல்லாருக்கும்’.

ஆயிரத்து எண்ணூற்று இருபதுகளில் பிரான்சு தேசத்தில், பணக்காரர், ஏழை என்று பாராமல் வழியில் நிற்கிற எவரையும் ஏற்றிக்கொண்டு போகும் நீளமான குதிரை வண்டிகளை விட்டிருக்கிறார்கள். அதற்கு வைத்த பெயர். வண்டி நின்ற இடத்துக்கு எதிரே ஒரு தொப்பிக் கடை இருந்ததாகவும், அந்தக் கடைப் பலகையில் இருந்த சொல்லையே வண்டிக்கும் வைத்துவிட்டதாகவும் ஒரு கதை சொல்கிறார்கள். உண்மையோ, பிறகு யாராவது கட்டிவிட்டதோ. பலகை எப்படியிருந்தாலும் பொருள் ஒன்றுதான்.

வண்டி இங்கிலாந்துக்குப் போனது. அவசரக்காரர்கள் முழுச் சொல்லையும் சொல்ல நேரமில்லாமல் முன்பாதியை வெட்டிவிட்டு, பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். முன்பாதியில்தான் ‘எல்லார்’ இருந்தது. மிஞ்சியது நம் ‘க்கும்’ மாதிரி ஓர் ஒட்டு. அதுதான் கடல் கடந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது.

அந்தச் சொல்லுக்கு வேறு பிள்ளைகளும் உண்டு. ஒருவர் எழுதியதையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டிப் போட்டால் அதுவும் ஆம்னிபஸ். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் என் மகன் ‘பஸ்பார்’ என்று ஒரு செம்புப் பட்டையைப் பற்றிச் சொல்வான். எல்லாக் கம்பிகளுக்கும் அதிலிருந்துதான் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிறார்களாம். அதுவும் இந்தச் சொல்தான். மெட்ராசுக்குப் போகிற சொகுசு வண்டியையும் இன்றைக்கு ‘ஆம்னி பஸ்’ என்கிறோம். அதன் டிக்கெட் விலையைக் கேட்டால் ‘எல்லாருக்கும்’ என்பது வேடிக்கையாக இருக்கிறது.

அகராதியின் மேல் கவிழ்ந்து நான் சிரித்த சிரிப்பில் நூலகர் எழுந்து வந்துவிட்டார். “என்ன டீச்சர், உடம்புக்கு ஏதும்…” என்று இழுத்தார். ஒன்றுமில்லை என்றேன். சிரித்து முடித்த பிறகு கோபம் வந்தது. கோபமும் போன பிறகு ஆத்தாவின் ஞாபகம் வந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லத்தீனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வெள்ளைச் சேலை

ஓடைப் பள்ளத்துக்குத் திரும்புகிறேன். பஸ் இன்னும் அங்கேதான் நிற்கிறது.

நான் எட்டாம் வகுப்பில் தேறியிருந்தேன். பெரியகுளத்தில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் தெருவில் அதுவரை யாருக்கும் கிடைக்காத இடம். அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் நேரில் போய் நிற்கவேண்டும். தவறினால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

இடம் போனால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அய்யா மலையில் ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்தார். நானும் மலை ஏறி ஏலக்காய் எடுக்கப் போகவேண்டியதுதான். ஆத்தா முன்பு ஒரு பருவம் போயிருந்தாள். மலைக் காய்ச்சலோடு திரும்பி வந்தாள். காலில் அட்டை கடித்த தழும்புகள் கடைசிவரை இருந்தன. ‘நான் ஏறுன மலைய நீ ஏறக்கூடாது’ என்பதுதான் அவள் என்னைப் படிக்க வைத்ததற்கான முழுக் காரணம்.

பயிற்சிப் பள்ளிக்கு வெள்ளைச் சேலை கட்டிப் போகவேண்டும். என் பள்ளிக்கூட டீச்சரம்மா தன் பழைய சேலை ஒன்றைக் கொடுத்தார். ஆத்தா அதை ஆற்றில் துவைத்து, நீலம் போட்டு, சோற்றுக் கஞ்சியில் முக்கி, வேலியில் காயவிட்டு, காகம் உட்காராமல் காவல் இருந்தாள். பஸ்ஸில் பெஞ்சைத் தன் முந்தானையால் துடைத்து, அதன்மேல் பழந்துணியை விரித்துத்தான் என்னை உட்காரவிட்டாள்.

தள்ளுகிறவர்கள் நிற்கும் இடம் கரித் தொட்டியின் பின்புறம். அங்கே கை வைத்தால் கை கறுக்கும். தோள் கொடுத்தால் தோள் கறுக்கும். தள்ளிவிட்டு வந்த ஆட்களைப் பார்த்தால் புகைக்கூண்டிலிருந்து எடுத்த மாதிரி இருப்பார்கள்.

ஏற்றத்தில்

சீனிக் கண்டக்டர் கடைசி ஜன்னலுக்கு வந்தார்.

“ஏ ஆத்தா, ஒனக்குத் தனியாச் சொல்லணுமா? கடைசிப் பெஞ்சு எறங்குன்னேன்ல?”

“நான் எறங்குறேன் சாமி. எம்புள்ள எறங்கமாட்டா.”

“ஏன், அவ ஜமீந்தார் மகளோ?”

“வாத்தியாரம்மாவாகப் போறா சாமி. வெள்ளச் சேல கட்டியிருக்கா. தொட்டியப் பிடிச்சுத் தள்ளுனா கரி அப்பிக்கிரும். அந்தக் கோலத்துல போயி நின்னா, இவளா வாத்தியாருன்னு அங்கன சிரிப்பாக.”

முன்னால் யாரோ இங்கேயே சிரித்தார்கள்.

சீனி பொல்லாதவர் இல்லை. கூரையிலிருந்து யார் மூட்டையையும் தூக்கி எறியமாட்டார், மெதுவாகத்தான் இறக்குவார். ஆனால் வழக்கம் என்று ஒன்று இருந்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஆள்.

“ஒரு பொம்பளையும் ரெண்டு ஆளும் தள்ளுனா இது நகருமா? பெஞ்சு முழுக்க எறங்கணும். அதான் வழக்கம்” என்றார்.

“இம்புட்டுப் பேரு ஒக்காந்துருக்காகல்ல? எல்லாரும் எறங்குனா எம்புள்ளயும் எறங்குவா. ஓரமா நின்னு தள்ளுவா.”

முன் பெஞ்சுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

பதில் சொன்னவர் வடுகபட்டி அம்மா. முதல் பெஞ்சில் இருந்த பெரிய வீட்டு அம்மாள். சனிக்கிழமை குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலுக்கு வந்து, உறவினர் வீட்டில் தங்கி, அன்று ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நல்ல கனத்த சரீரம். மடியில் வெள்ளிக் கூஜா. அவர் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்.

“சனி விட்டுப் போகணும்னு குச்சனூருல எள்ளு வெளக்குப் போட்டுட்டு வர்றேன். விட்டுருச்சுன்னு நெனச்சேன். பின்னாடியே காரு ஏறி வந்து கடைசிப் பெஞ்சுல ஒக்காந்துருக்கு!”

பஸ் கொல்லென்று சிரித்தது. உள்ளதைச் சொன்னால், எனக்கும் சிரிப்பு வந்தது. அவ்வளவு நன்றாகச் சொன்னார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. ஆத்தா திரும்பிப் பார்க்கவே இல்லை.

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என்னிடம் கடிகாரம் ஏது? மரத்து நிழல் சுருங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தேனி போய், அங்கே வேறு பஸ் பிடித்துப் பெரியகுளம் போகவேண்டும்.

“ஆத்தா, நேரம் போகுது. நானே எறங்கித் தள்ளுறேன். சேல போனாப் போகட்டும்” என்று அவள் காதருகே கெஞ்சினேன்.

“பேசாம இரு. இங்கன தள்ளிக்கிட்டுப் போயி நின்னா, அங்கனயும் ஒன்னியத் தள்ளத்தான் சொல்லுவாக.”

அவளுக்கும் பயம்தான். ஆனால் என் மணிக்கட்டை விடவில்லை.

டிரைவர் ராவுத்தர் உத்தமபாளையத்துக்காரர். ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, திரும்பாமலே பேசினார்.

“ஏ சீனி, நீ வழக்கம் பேசிக்கிட்டு நிக்கிற. தொட்டி ஆறுதுப்பா. ஆறிருச்சுன்னா மத்தியானம் வரைக்கும் எல்லாருக்கும் இங்கனதான் சாப்பாடு.”

மத்தியானம் என்ற சொல் எனக்கு மட்டும் சுருக்கென்றது என்று நினைத்தேன். இன்னொருவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. மூன்றாவது பெஞ்சிலிருந்து கொடிக்கால்காரர் ஒருவர் துள்ளி எழுந்தார். கூரையில் இருந்த வெற்றிலைக் கூடைகள் அவருடையவை.

“மத்தியானமா? இந்த வெயிலுல என் வெத்தல வதங்கிப் போகுமய்யா! நான் எறங்குறேன். ஏலே, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாங்கடா!”

அவர் இறங்கியது எங்கள்மேல் இருந்த அன்பால் இல்லை, வெற்றிலைமேல் இருந்த அன்பால். அதனால் என்ன? அவரைப் பார்த்து இன்னொருவர் இறங்கினார். கோர்ட்டு வேலையாகப் போனவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். கல்யாணத்துக்குப் போன குடும்பம், பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மொத்தமாக இறங்கியது.

கடைசியில் வடுகபட்டி அம்மா மட்டும் கூஜாவோடு இருந்தார்.

“நான் எதுக்கு எறங்கணும்? நானா தள்ளப்போறேன்?”

“நீங்க தள்ளவேணாம்மா” என்றார் ராவுத்தர் பணிவாக. “சும்மா எறங்கி நடந்து வந்தாப் போதும். பாதி வண்டி கொறஞ்ச மாதிரி இருக்கும்.”

இந்த முறை சிரித்ததில் எங்கள் கடைசிப் பெஞ்சும் சேர்த்தி. அவர் ராவுத்தரைச் சுட்டுவிடுவது போலப் பார்த்துவிட்டு இறங்கினார்.

ஆத்தா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், படிக்குப் பக்கத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். “இங்கனயே தள்ளு. கரி படாது.” பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டிப் பக்கம் ஓடினாள்.

தள்ளினோம். பின்னாலிருந்து கொடிக்கால்காரர் ‘ஏலேலோ’ என்று குரல் கொடுத்தார். திரும்பிப் பார்த்தேன். வெளுத்த வேட்டிகளெல்லாம் கரியாகிக்கொண்டிருந்தன. கோர்ட்டுக்காரரின் நெற்றித் திருநீற்றுக்குமேல் ஒரு கறுப்புக் கோடு. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. அப்போது நான் சின்னப் பெண். இப்போது கிழவி. சந்தோஷம் அப்படியேதான் இருக்கிறது.

எஞ்சின் உறுமியது. வண்டி நகர்ந்தது.

“நிறுத்தமாட்டேன்! ஏறுங்க! கெடச்ச எடத்துல ஏறுங்க!” என்று ராவுத்தர் கத்தினார்.

படிக்குப் பக்கத்தில் நின்றதால் நான்தான் முதலில் ஏறினேன். வண்டி குலுங்கிய குலுக்கலில் முதல் பெஞ்சில் போய் விழுந்தேன். வரப்பில் ஓடிப் பழகிய ஆத்தா அடுத்து வந்து படியில் தொற்றினாள். பிறகு ஆளுக்கு ஆள் முண்டியடித்து ஏறி, கண்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். கொடிக்கால்காரரும் கோர்ட்டுக்காரரும் கடைசிப் பெஞ்சில் புகைக்கு நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

வடுகபட்டி அம்மா மட்டும் கீழே. ஒரு கையில் கூஜா, வாயெல்லாம் மூச்சு.

“நிறுத்துய்யா!”

“நிறுத்துனா செத்துப்போகும்மா! கையப் பிடிச்சு ஏறுங்க!”

படியில் நின்றது ஆத்தா. அவள் கையை நீட்டினாள். முழங்கை வரை கறுத்த கை. அந்த அம்மாள் ஓடிக்கொண்டே அந்தக் கையைப் பார்த்தார். கரியையா பார்த்தார்? கரிக்கு அடியில் இருந்ததைத்தான் பார்த்தார். எனக்குத் தெரியும், எங்களுக்கு அந்தப் பார்வை பழக்கம். மேட்டின் உச்சி வந்துவிட்டது. வண்டி வேகம் பிடித்தது.

“வா ஆத்தா, வா வா!” என்றாள் என் ஆத்தா. அவசரத்தில் சாமி, தாயி என்று மரியாதைச் சொல் எதுவும் அவள் வாயில் வரவில்லை.

அந்த அம்மாள் கையைப் பிடித்தார். இரண்டு கையாலும் ஆத்தா இழுத்தாள். வண்டி உச்சியைத் தாண்டி முன்னால் சாய்ந்தது. உள்ளே வந்த வேகத்தில் அவர் என் பக்கத்தில் விழுந்து, கீழே சரியாமல் இருக்க என் தோளைப் பற்றிக்கொண்டார். அவருக்கு அந்தப் பக்கம் ஆத்தா உட்கார்ந்தாள்.

சீனி வந்து பார்த்தார். முதல் பெஞ்சைப் பார்த்தார், கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். “எல்லாம் அவுக அவுக எடத்துக்கு மாறி…” என்று ஆரம்பித்தார்.

“மாத்தி ஒக்கார வைக்கணும்னா வண்டிய நிறுத்தணும் சீனி” என்றார் ராவுத்தர். “நிறுத்தவா?”

பின்னாலிருந்து பல குரல்கள் ஒரே நேரத்தில் “வேணாம், வேணாம்!” என்றன. அதிலே கொடிக்கால்காரரின் குரல்தான் பெரிசு.

தோளில் ஒரு கை

தேனியில் இறங்கியதும்தான் ஆத்தா பார்த்தாள். என் தோளில், வெள்ளைச் சேலையின்மேல், ஐந்து விரலும் தெளிவாகத் தெரிய ஒரு கறுப்புக் கை. ஆத்தாவின் கையிலிருந்து அந்த அம்மாளின் கைக்குப் போய், அங்கிருந்து என் தோளுக்கு வந்த கரி.

எது நடக்கக்கூடாது என்று பஸ்ஸையே நிறுத்தி வைத்தாளோ, அது நடந்துவிட்டது. ஆத்தாவின் முகம் அப்படியே விழுந்துபோயிற்று. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வடுகபட்டி அம்மாவும் பார்த்துவிட்டார். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். “அய்யய்ய, நாந்தானா?” என்று முந்தானை நுனியைக் கூஜாத் தண்ணீரில் நனைத்து என் தோளைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது பெரிதாகப் பரவியது.

“விட்டுருங்க தாயி” என்றாள் ஆத்தா.

“முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டுப் போ. தெரியாது” என்றார் என்னிடம். அவரே இழுத்துப் போர்த்தியும் விட்டார். பிறகு அவருக்காகக் காத்திருந்த வில்வண்டிக்குப் போகுமுன், குழாயடியில் நின்று கையை நன்றாகக் கழுவினார். கரியைக் கழுவினாரா, ஆத்தாவின் கையைக் கழுவினாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டுமாக இருக்கலாம்.

பெரியகுளத்தில் நாங்கள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது, மத்தியான மணியை அடிக்க ஆள் கட்டையைக் கையில் எடுத்துவிட்டார். தலைமை ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார். வந்த வேகத்தில் போர்த்தியிருந்த முந்தானை நழுவிவிட்டது எனக்குத் தெரியவில்லை.

“தோள்ல என்ன அது?”

“பஸ்ஸத் தள்ளுனோம், டீச்சர்.”

அவர் என்னைப் பார்த்தார். வாசலில் கரியாக நின்ற ஆத்தாவைப் பார்த்தார். “போன மாசம் என்னையும்தான் இறக்கித் தள்ள வச்சாங்க” என்றார். “போ, போய் அந்த வரிசையில உட்காரு.”

நான் திரும்பிப் பார்த்தபோது ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அவளும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள்.

முதல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். ஆத்தா வாசலில் உட்கார்ந்து சுளகில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லாக் கதையும் பேசி முடித்த பிறகு கேட்டேன்.

“அன்னைக்கு நீ எப்படித் திரும்பி வந்த?”

“அதே காருலதான்.”

“எங்கன ஒக்காந்த?”

“கடைசிப் பெஞ்சுலதான். வேற எங்கன?”

எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. அவ்வளவு பாடுபட்டும் மறுபடி அதே புகையில்தான் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“ஓடப் பள்ளத்துல வண்டி நின்னுச்சு” என்றாள் ஆத்தா, சோளத்தைப் பார்த்தபடி.

“நிக்காம?”

“சீனி எறங்குனாரு. தகரத்தத் தட்டுனாரு.”

“எறங்கித் தள்ளுனியாக்கும்?”

ஆத்தா புடைப்பதை நிறுத்தினாள். சோளத்தைக் கீழே விரித்த சாக்கில் கொட்டி, சுளகைக் கவிழ்த்து மடியில் வைத்து, உள்ளங்கையால் அதன் முதுகில் ஓங்கித் தட்டி, சீனியின் குரலிலேயே தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

“எல்லாரும் எறங்குங்க!”